எழுந்து நிற்கச் சொல்பவர்களுக்கு

"கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவனுக்கு இரண்டு நிமிஷம் எழுந்து நிற்க முடியாதா?" காலின் கேப்பர்னிக் பேச்சை எடுத்தாலே இந்தக் கேள்விதான் முதலில் வருகிறது. அமெரிக்கர்கள் மட்டும் கேட்பதில்லை. அமெரிக்கக் கால்பந்தில் பந்து என்ன வடிவம் என்று தெரியாத நம்மவர்களும் கேட்கிறார்கள். கேட்பவர்களில் பெரும்பாலோர் இனவெறியர்கள் அல்லர். கறுப்பின மக்களுக்கு அநீதி நடக்கிறது என்பதை ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொண்ட கையோடு சொல்வார்கள்: போராடட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் தேசியகீதம் ஒலிக்கும்போது வேண்டாம், மைதானத்தில் வேண்டாம், விளையாட்டில் அரசியலைக் கலக்க வேண்டாம். கேட்க நிதானமான கருத்தாகத்தான் இருக்கிறது. இவ்வளவு தூரம் பரவியதும் அதனால்தான். ஆனால் இதில் நடுநிலை துளியும் இல்லை என்பது என் கட்சி.

நடந்தது இதுதான். 2016 ஜூலை முதல் வாரத்தில், அடுத்தடுத்த இரண்டு நாட்களில், லூசியானாவில் ஆல்டன் ஸ்டெர்லிங்கும் மினசோட்டாவில் பள்ளிச் சாப்பாட்டுக்கூட ஊழியர் ஃபிலாண்டோ காஸ்டிலும் போலீஸ் சுட்டு இறந்தார்கள். இரண்டும் வீடியோவாக நாடு முழுக்கப் பரவின. அடுத்த மாதம் என்.எஃப்.எல். லீக்கின் முன்பருவ ஆட்டங்கள் தொடங்கியபோது, சான்பிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் கேப்பர்னிக் தேசியகீதத்துக்கு எழாமல் உட்கார்ந்திருந்தார். முதல் இரண்டு ஆட்டங்களில் யாரும் கவனிக்கவே இல்லை. ஆகஸ்ட் 26-ஆம் தேதி மூன்றாவது ஆட்டத்தில்தான் அது கண்ணில் பட்டது. நிருபர் கேட்டார்; கறுப்பர்களை ஒடுக்குகிற நாட்டின் கொடிக்குப் பெருமிதம் காட்டி என்னால் எழுந்து நிற்க முடியாது என்று பதில் சொன்னார். அவராக நிருபர்களைக் கூட்டவில்லை, அறிக்கை விடவில்லை.

அடுத்து நடந்ததைத்தான் எல்லோரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். ராணுவத்தின் கிரீன் பெரே சிறப்புப் படையில் இருந்தவர் நேட் போயர், என்.எஃப்.எல். அணியொன்றிலும் சிறிது காலம் இருந்தவர். கேப்பர்னிக் உட்கார்ந்தது தன்னைக் காயப்படுத்தியது என்று ஒரு திறந்த கடிதம் எழுதினார். கேப்பர்னிக் அவரைக் கூப்பிட்டுப் பேசினார். உட்கார வேண்டாம், முழங்காலிடுங்கள், இறந்துபோன தோழனின் கல்லறை முன்னால் சிப்பாய்கள் அப்படித்தான் முழங்காலிடுவோம் என்றார் போயர். செப்டம்பர் 1-ஆம் தேதி சான்டியேகோவில் கேப்பர்னிக்கும் சக வீரர் எரிக் ரீடும் முழங்காலிட்டபோது, போயர் அவர்கள் பக்கத்தில் நெஞ்சில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார். ராணுவத்தை அவமதித்த தோரணை என்று இன்றுவரை வசைபாடப்படுவது ஒரு ராணுவ வீரர் சொல்லிக்கொடுத்த தோரணை. தன் மனம் புண்பட்டது என்று சொன்னவரோடு உட்கார்ந்து பேசி, போராட்ட முறையையே மாற்றிக்கொண்ட இன்னொருவரைச் சமீபகால அரசியலில் காட்ட முடியுமா?

அவர் தரப்பில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்தக் கோடையில் பயிற்சியின்போது, போலீஸ் தொப்பி வைத்த பன்றிப் படம் போட்ட காலுறை அணிந்திருந்தார். மலிவான கேலி அது, தனக்குத் தானே வைத்துக்கொண்ட சூனியம். ஆனால் அவரை லீக்கை விட்டுத் துரத்தியது காலுறைக்காக இல்லை.

சரி, விளையாட்டில் அரசியல் வேண்டாம் என்ற வாதத்துக்கு வருவோம். மைதானத்துக்குள் அந்தத் தேசியகீதப் பாட்டைக் கொண்டுவந்தது யார்? 1918 செப்டம்பரில், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, சிகாகோவில் பேஸ்பால் உலகத் தொடரின் முதல் ஆட்டம். ஏழாவது இன்னிங்ஸ் இடைவேளையில் வாத்தியக் குழு அந்தப் பாட்டை வாசித்தது. சோர்ந்துபோயிருந்த கூட்டம் எழுந்து பாடியது, கைதட்டியது. கூட்டத்துக்குப் பிடித்ததை நிர்வாகங்கள் விடுமா? தொடரின் மற்ற ஆட்டங்களிலும் அது தொடர்ந்தது. அப்போது அது தேசியகீதமே இல்லை. 1931-இல்தான் அதற்குச் சட்டப்படி அந்தத் தகுதி வந்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் இசைப்பது என்ற வழக்கம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வேரூன்றியது. போர் முடிந்ததும் என்.எஃப்.எல். அதைக் கைவிடவில்லை, நிரந்தரமாக்கிக்கொண்டது. ஆக, போர்க்கால உணர்ச்சியைத் தட்டியெழுப்ப மைதானத்துக்குள் வந்த பாட்டு அது. அதை அரசியல் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

இது பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 2009 வரை, பெரும் பார்வையாளர்களைக் கொண்ட இரவு ஆட்டங்களில் பாட்டு முடிந்த பிறகே வீரர்கள் களத்துக்கு வருவார்கள். டிவி ஒளிபரப்பின் நேரக்கணக்கு அப்படி. அந்த ஆட்டங்களில் யார் நின்றார், யார் உட்கார்ந்தார் என்ற பிரச்சினையே எழ வழியில்லை. 2009-இல்தான் எல்லா ஆட்டங்களிலும் வீரர்கள் கீதத்தின்போது களத்தோரம் இருக்கும் நடைமுறை வந்தது. தலைமுறை தலைமுறையாக வந்த புனிதமான வழக்கம் என்று நம்பப்படுவதற்கு, கேப்பர்னிக் உட்கார்ந்தபோது, அந்த இரவு ஆட்டங்களைப் பொறுத்தவரை ஏழே வயது.

அதைவிடச் சுவையான ஆவணம் ஒன்று இருக்கிறது. 2015 நவம்பரில் ஜான் மெக்கெய்ன், ஜெஃப் ஃப்ளேக் என்ற இரண்டு குடியரசுக் கட்சி செனட்டர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். மெக்கெய்ன் வியட்நாமில் ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் போர்க்கைதியாகச் சித்திரவதைப்பட்டவர். அவர் தேசபக்தியைச் சந்தேகிக்க யாருக்கும் வாய் வராது. மைதானத்தில் பிரம்மாண்டக் கொடியை விரிப்பது, சிப்பாய்களைக் களத்துக்கு அழைத்துக் கௌரவிப்பது, சீருடை அணிந்தவர்களை வைத்து தேசியகீதம் பாடவைப்பது ஆகியவற்றில் பல, பாதுகாப்புத் துறை அணிகளுக்குப் பணம் கொடுத்து நடத்தியவை என்று அந்த அறிக்கை அம்பலப்படுத்தியது. இப்படிப்பட்ட ஒப்பந்தங்களுக்கு 2012 முதல் செலவானது 68 லட்சம் டாலர். ராணுவத்துக்கு ஆள் சேர்க்கும் விளம்பரச் செலவு அது. கண்ணீர் மல்கக் கைதட்டிய ரசிகனுக்கு அது விளம்பரம் என்று யாரும் சொல்லவில்லை. விஷயம் வெளிவந்ததும் என்.எஃப்.எல். கணக்குப் பார்த்து ஏழு லட்சம் டாலருக்கு மேல் திருப்பிக் கொடுத்தது. இதற்குப் பிறகும் மைதானம் அரசியல் தீண்டாத இடம் என்று ஒருவர் சொன்னால், அரசியல் என்று அவர் எதைச் சொல்கிறார் என்பது புரிந்துவிடுகிறது. காசு வாங்கிக்கொண்டு கொடியை விரித்தால் தேசபக்தி. காசும் வாங்காமல் கையிலிருந்து பத்து லட்சம் டாலரைத் தொண்டு அமைப்புகளுக்கும் கொடுத்துவிட்டு முழங்காலிட்டால் அரசியல்.

அந்தப் பிரம்மாண்டக் கொடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கீதத்தின்போது நெஞ்சில் கைவைத்து நிற்க வேண்டும் என்று அமெரிக்கக் கொடி விதித்தொகுப்பு சொல்கிறது என்பார்கள். உண்மைதான், சொல்கிறது. அதே தொகுப்பு, கொடியைத் தரைக்கு இணையாகப் படுக்கைவசத்தில் விரித்துக் கொண்டுபோகக் கூடாது, உடையாக அணியக் கூடாது, விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்றும் சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை எந்த மைதானத்துக்குப் போனாலும் இந்த மூன்று மீறல்களையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். யாரும் யாரையும் வேலையைவிட்டுத் தூக்குவதில்லை. விதித்தொகுப்பை மீறினால் தண்டனை கிடையாது என்பதும், கொடியை எரிப்பதுகூடப் பேச்சுரிமையில் அடங்கும் என்று 1989-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது என்பதும் வேறு விஷயம்.

சிப்பாய்களுக்கு அவமானம் என்ற குற்றச்சாட்டுக்கு அதிக நேரம் செலவிடத் தேவையில்லை. சிப்பாய்கள் எல்லோருக்கும் ஒரே கருத்து இல்லை. போயர் நின்றார், முழங்காலிட்டவர் பக்கத்தில் நின்றார். நாட்டுக்காக இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ராணுவ அதிகாரியாக இருந்த ஜாக்கி ராபின்சனை, பேருந்தில் பின்பக்கம் போய் உட்கார மறுத்தார் என்பதற்காக 1944-இல் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். விடுதலையானார். மூன்று ஆண்டு கழித்து பேஸ்பால் பெரிய லீக்கின் நிறத்தடையை உடைத்தார். நாடே கொண்டாடும் நாயகனானார். இறந்த வருடமான 1972-இல் வெளிவந்த தன்வரலாற்றில், அந்தப் பாட்டுக்கு எழுந்து நின்று பாடவோ கொடிக்கு வணக்கம் செலுத்தவோ தன்னால் இயலவில்லை என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். ஆண்டுதோறும் ஏப்ரலில் அவர் எண்ணை எல்லா வீரர்களும் அணிந்து அவரைக் கொண்டாடுகிறார்கள்; கீதம் இசைக்கப்படுகிறது; அவர் எழுதியதை மட்டும் யாரும் வாசிப்பதில்லை.

இனி, "வேறு வழியில் போராடலாமே" என்பவர்களுக்கு. இதுதான் இந்தக் கருத்தின் உயிர்நிலை. இதைத்தான் நான் கொஞ்சமும் ஏற்க மாட்டேன். எந்த வழி என்று கேட்டால் பதில் வருவதில்லை. ஒவ்வொரு வழியும் ஏற்கெனவே முயன்று பார்க்கப்பட்டதுதான்.

சத்தமில்லாமல் செய்திருக்கலாமே என்றால், மஹ்மூத் அப்துல் ரவூஃப் செய்தார். டென்வர் நகெட்ஸ் அணியின் கூடைப்பந்து வீரர். 1995-96 பருவத்தில் மாதக்கணக்காக, கீதம் ஒலிக்கும்போது டிரெஸ்ஸிங் ரூமிலேயே இருந்துவிடுவார், அல்லது ஓரமாக உடற்பயிற்சி செய்துகொண்டிருப்பார். கோஷம் இல்லை, அறிவிப்பு இல்லை. விஷயம் வெளியில் கசிந்ததும் 1996 மார்ச்சில் கூடைப்பந்து லீக் அவரைச் சம்பளமில்லாமல் இடைநீக்கம் செய்தது. எழுந்து நின்று தலைகுனிந்து பிரார்த்தனை செய்துகொள்கிறேன் என்று அவர் சமரசத்துக்கு வந்தார்; ஒரே ஆட்டத்தோடு தடை நீங்கியது. சமரசம் அவரைக் காப்பாற்றவில்லை. அணியிலேயே அதிகப் புள்ளி எடுத்தவரை அந்தக் கோடையிலேயே வேறு அணிக்குத் தள்ளிவிட்டார்கள். இரண்டு ஆண்டுகளில், முப்பது வயதுகூட ஆகுமுன், அந்த லீக்கில் அவருக்கு ஒப்பந்தம் தர ஆளில்லை.

நின்றுகொண்டே செய்திருக்கலாமே என்றால், அதுவும் நடந்திருக்கிறது. 1968 அக்டோபர் 16, மெக்சிகோ ஒலிம்பிக். 200 மீட்டரில் 19.83 வினாடியில் உலக சாதனையோடு தங்கம் வென்ற டாமி ஸ்மித்தும் வெண்கலம் வென்ற ஜான் கார்லோஸும் கீதத்துக்கு மரியாதையாக எழுந்துதான் நின்றார்கள். தலைகுனிந்து, கறுப்புக் கையுறை அணிந்த முஷ்டியை உயர்த்தினார்கள். அணியிலிருந்து நீக்கப்பட்டு ஒலிம்பிக் கிராமத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். வெளியேற்றியே தீர வேண்டும் என்று நின்ற சர்வதேச ஒலிம்பிக் கமிட்டித் தலைவர் ஏவரி பிரண்டேஜ், 1936 பெர்லின் ஒலிம்பிக்கைப் புறக்கணிக்கக் கூடாது என்று அமெரிக்காவில் வாதாடி ஜெயித்தவர். ஜெர்மன் வீரர்கள் மேடையில் நாஜி சல்யூட் வைத்ததில் அவருக்கு அரசியல் தெரியவில்லை. மெக்சிகோவில் அன்றைக்கு வெள்ளி வென்ற ஆஸ்திரேலிய வெள்ளையர் பீட்டர் நார்மன் கையைக்கூடத் தூக்கவில்லை, சட்டையில் ஒரு பேட்ஜ் குத்தியிருந்தார், அவ்வளவுதான். அவருக்கு அதன்பின் ஒலிம்பிக் வாய்ப்பு வரவே இல்லை. 2006-இல் அவர் இறந்தபோது ஸ்மித்தும் கார்லோஸும் போய்ப் பாடை சுமந்தார்கள். 2012-இல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டது.

மைதானமே வேண்டாம், தெருவில் போராடலாமே என்பவர்கள் 1961-ஆம் ஆண்டின் கேலப் கருத்துக்கணிப்பைப் பார்க்கலாம். தென்மாநிலப் பேருந்துகளில் வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து உட்கார்ந்து பயணம் செய்தவர்களின் செயலை அமெரிக்கர்களில் 61 சதவீதம் பேர் ஏற்கவில்லை. 1966-இல் மார்ட்டின் லூதர் கிங்கைப் பற்றி 63 சதவீதம் பேருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. இன்று அவர் பிறந்தநாளுக்கு அரசு விடுமுறை. போராட்டம் சரி, முறைதான் தவறு என்ற வாசகம் கேப்பர்னிக்குக்காகப் புதிதாக எழுதப்பட்டதில்லை. அது ஆளுக்கு ஆள் அளவெடுக்காமல் எல்லோருக்கும் மாட்டிவிடுகிற வாடகைக் கோட்டு.

பணக்காரனுக்கு என்ன குறை என்ற கேள்வியும் இதே ரகம்தான். ஏழை போராடினால் கேமரா வராது, பணக்காரன் போராடினால் நன்றி கெட்டவன். காஸ்டில் எழுந்து நிற்காததால் செத்தவர் இல்லையே. காருக்குள் சீட் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எதிர்த்தரப்பில் எனக்கு மரியாதை இருக்கிற வாதம் ஒன்று உண்டு. என்.எஃப்.எல். ஒரு தனியார் நிறுவனம். வேலை நேரத்தில், நிறுவனச் சட்டை போட்டுக்கொண்டு, வாடிக்கையாளர் முகம் சுளிக்கும்படி ஒருவர் நடந்துகொண்டால் முதலாளி கேட்காமல் இருப்பாரா? சட்டப்படி இது சரி. பேச்சுரிமை தரும் முதலாம் சட்டத்திருத்தம் அரசின் கையைத்தான் கட்டுகிறது, முதலாளியின் கையை அல்ல. ஆனால் இந்தத் தனியார் நிறுவனத்தின் மைதானங்கள் பல வரிப்பணத்தில் எழும்பியவை. கீதத்தைப் போடும்போது நாங்கள் தேசம், ஆளை அனுப்பும்போது நாங்கள் கம்பெனி என்று மாற்றி மாற்றிப் பேச முடியாது. அதோடு, 2017 செப்டம்பர் 22-ஆம் தேதி அலபாமாவில் மேடையேறி, முழங்காலிடுகிறவனை அச்சில் ஏற்ற முடியாத வசையோடு களத்தைவிட்டுத் துரத்தச் சொல்லி அணி உரிமையாளர்களைத் தூண்டியவர் நாட்டின் ஜனாதிபதி டிரம்ப். அதற்கப்புறமும் அது முதலாளி, தொழிலாளி விவகாரம் மட்டும்தானா? இரண்டு நாள் கழித்து வந்த ஆட்டங்களில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் முழங்காலிட்டார்கள் அல்லது உட்கார்ந்தார்கள். அடுத்த மாதம் நடந்த உரிமையாளர்கள் கூட்டத்தில், சிறையைக் கைதிகள் நடத்த விட்டுவிட முடியாது என்ற பொருளில் ஹூஸ்டன் அணியின் உரிமையாளர் பாப் மெக்நேர் பேசினார். பிறகு மன்னிப்புக் கேட்டார். வீரர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குமேல் கறுப்பர்களாக இருந்த லீக்கில், பெரும்பங்கு கையில் வைத்திருக்கும் கறுப்பின உரிமையாளர் ஒருவர்கூட இல்லாத கூட்டத்தில், நாவில் தானாக வந்த உவமை அது.

மரியாதையைக் கட்டாயப்படுத்தலாமா என்ற கேள்விக்கு அமெரிக்கா போர் நடுவிலேயே பதில் சொல்லியிருக்கிறது. கொடிக்கு வணக்கம் சொல்ல மறுத்த யெகோவாவின் சாட்சிகள் குழந்தைகளைப் பள்ளியிலிருந்து நீக்கலாம் என்று 1940-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொடர்ந்து அந்தச் சமூகத்தினர்மீது கும்பல் தாக்குதல்கள் நடந்தன. மூன்றே ஆண்டில், 1943 ஜூனில், பார்னெட் வழக்கில் நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே புரட்டிப்போட்டது. அமெரிக்கச் சிப்பாய்கள் போர்முனையில் செத்துக்கொண்டிருந்த நேரம் அது. 1986-இல் கேரளத்தின் பிஜோ இம்மானுவேல் வழக்கில் தேசியகீதம் பாட மறுத்த மூன்று பிள்ளைகளை மீண்டும் பள்ளியில் சேர்க்க உத்தரவிட்ட நீதிபதி சின்னப்ப ரெட்டி அந்த அமெரிக்கத் தீர்ப்பைத் துணைக்கு அழைத்திருக்கிறார். அந்தப் பிள்ளைகள் பாடவில்லையே தவிர, எழுந்து நின்றார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எதிர்த்தரப்பு எப்படியும் சொல்லத்தான் போகிறது.

அப்படியென்றால் நாளைக்கு உங்களுக்குப் பிடிக்காத ஒருவர், உங்களுக்குப் பிடிக்காத காரணத்துக்கு உட்கார்ந்தால்? உட்காரட்டும். கருக்கலைப்பை எதிர்த்து ஒரு வீரர் முழங்காலிட்டால் எனக்கு அவர் கருத்து பிடிக்காது; அவர் வேலை போகக் கூடாது. 2018 ஜனவரியில் சென்னை விழா ஒன்றில் தமிழ்த்தாய் வாழ்த்துக்குக் காஞ்சி விஜயேந்திரர் எழாமல் இருந்தார். தியானத்தில் இருந்தார் என்று மடம் விளக்கம் சொன்னது. எனக்கும் உறுத்தியது. உறுத்தியதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு, எழுந்து நிற்பதை ஆணையால் கட்டாயமாக்குவது வேறு. 2021 டிசம்பரில் தமிழக அரசு அதைக் கட்டாயமாக்கியபோது, கேப்பர்னிக்குக்குக் கைதட்டிய நம் நண்பர்கள் பலர் அதற்கும் கைதட்டினார்கள். இரண்டுக்கும் ஒரே கையால் எப்படித் தட்டினார்கள் என்பதை அவர்கள்தான் விளக்க வேண்டும்.

கேப்பர்னிக் 2017 மார்ச்சில் ஒப்பந்தத்திலிருந்து விலகினார். அதற்குப் பிறகு எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. அணிகள் கூட்டுச்சதி செய்தன என்று அவரும் ரீடும் தொடுத்த புகாரை 2019 பிப்ரவரியில் லீக் பணம் கொடுத்து முடித்தது. எவ்வளவு என்பது ரகசியம். 2020-இல் மினியாபோலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் ஒரு போலீஸ்காரர் முழங்காலை ஊன்றிக் கொன்ற பிறகு, வீரர்கள் சொன்னதை முன்பே கேட்காதது தவறு என்று லீக் ஆணையர் ராஜர் குடெல் வீடியோ வெளியிட்டார். கேப்பர்னிக் பெயர் அதில் இல்லை. இனவெறியை ஒழிப்போம் என்று களத்தின் எல்லைக்கோட்டருகே லீக்கே வாசகம் எழுதிவைத்தது. 2025 பிப்ரவரியில் டிரம்ப் பார்க்க வந்த சூப்பர் பவுல் ஆட்டத்தில் அந்த வாசகம் இல்லை.

அரசியல் வேண்டாம் என்பதுதான் உண்மையான கவலை என்றால், 2009-க்கு முந்தைய இரவு ஆட்ட வழக்கத்துக்கே திரும்பலாம்: கீதம் முடியட்டும், பிறகு வீரர்கள் வரட்டும். 2017 செப்டம்பரில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் ஏறக்குறைய அதைத்தான் செய்தது. நிற்பதும் வேண்டாம் உட்காருவதும் வேண்டாம், வம்பே வேண்டாம் என்று அணி சுரங்கப்பாதைக்குள் இருந்துகொண்டது. அதற்கும் வசவுதான். 2018 மே 23-ஆம் தேதி லீக் புது விதி கொண்டுவந்தது: களத்தில் இருப்பவர் நின்றாக வேண்டும், விருப்பமில்லாதவர் டிரெஸ்ஸிங் ரூமில் இருந்துகொள்ளலாம். வீரர்கள் சங்கம் எதிர்த்ததால் ஜூலையில் அதை நிறுத்திவைத்தார்கள். ஆனால் விதி வந்த மறுநாள் காலையே டிரம்ப் டிவியில் பேசினார். விதி நல்லதுதான், ஆனால் டிரெஸ்ஸிங் ரூமில் இருந்துகொள்வது சரியில்லை என்றார்; பெருமையோடு எழுந்து நிற்காதவர் ஆடக் கூடாது, ஒருவேளை இந்த நாட்டிலேயே இருக்கக் கூடாது என்றார்.